ஈயம் உருக்கிய மூட்டு

பழைய வார்ப்பிரும்புக் குழாய் காயலாங்கடைக்கு வந்தால் கடைக்காரர் முதலில் அதன் கழுத்தைத்தான் பார்ப்பார். குழாயின் ஒரு முனை தடித்து விரிந்து, அடுத்த குழாயின் வாலை உள்ளே வாங்கிக்கொள்ளும் இடம் அது. சாக்கெட் என்பார்கள். ஈயம் இருப்பது அந்த இடுக்கில். இரும்புக்கு ஒரு விலை என்றால் ஈயத்துக்கு அதைப்போல் பல மடங்கு. விவரம் தெரிந்த பிளம்பர் குழாயைக் கழற்றிய இடத்திலேயே சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி உடைத்து, உள்ளே வளையல் மாதிரி உறைந்து கிடக்கும் ஈயத்தைத் தனியாகப் பையில் போட்டுக்கொள்வார். துருப்பிடித்த இரும்பை எடைக்குப் போட்ட காசை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த வளையலின் சங்கதி பெரும்பாலும் தெரியாது.

இந்தக் காட்சியைச் சென்னைக்கு மேற்கே உள்ள அயனம்பாக்கத்துக்குள் தேடினால் அவ்வளவு எளிதில் கிடைக்காது. வடக்கே அம்பத்தூர், கிழக்கே நொளம்பூரும் முகப்பேரும், தென்மேற்கே திருவேற்காடு, தெற்கே கூவம், ஊருக்கென்று ஓர் ஏரி என்று இருந்த கிராமம் அது. வீடுகளும் அடுக்ககங்களும் நெருங்கியது பிற்பாடுதான். அதனால் அங்கே சுவரோரம் ஏறும் குழாய்கள் பிறவியிலேயே சாம்பல் நிறப் பிளாஸ்டிக். இரும்பைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் நகர வேண்டும். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பி எழுந்த வீடுகள், வீட்டு வசதி வாரியம் முகப்பேர் பக்கம் கட்டிய குடியிருப்புகள், அண்ணா நகரின் பழைய மாடிகள் என்று கிழக்கே போகப் போகக் குழாயின் வயது கூடும். ஜார்ஜ் டவுன் சந்துகளுக்குப் போய்விட்டால், கறுப்புப் பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்த இரும்புக் குழாய் வீட்டின் முதுகெலும்பு போல நிற்கும்.

அயனம்பாக்கம் போன்ற ஊர்கள் நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டன. குழாயே இல்லாத காலத்திலிருந்து நேராகப் பிளாஸ்டிக் காலத்துக்கு வந்தன. நகரம் அப்படி வரவில்லை. அது இரும்பின் வழியாக, ஈயம் காய்ச்சி, மெதுவாக வந்தது.

குழாய் இல்லாத காலத்தில் கிராமத்துக்கு ஏரிக்கரையும் புதரும் இருந்தன. நகரத்துக்கு இருந்தது எடுப்புக் கக்கூஸ். இந்தக் ‘கக்கூஸ்’ என்ற சொல்லே டச்சுக்காரர்களின் ‘கக்ஹௌஸ்’ வழியாகத் தமிழுக்கு வந்தது என்பார்கள். வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு அறை, கீழே ஒரு வாளி அல்லது வெறும் தரை, பின்சுவரில் ஒரு சின்னத் திறப்பு. அந்தத் திறப்பு பார்த்த சந்து வழியே ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போவார். முன்வாசல் வழியாக அவர் வரக்கூடாது என்பதற்காகவே சந்துகள் விடப்பட்ட தெருக்கள் உண்டு. சாதி, தெருவின் வரைபடத்திலேயே கோடாக விழுந்திருந்தது.

சென்னையில் இதை மாற்றும் பேச்சு 1860களில் தொடங்கியது. 1864-இல் சுகாதார ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டு கேப்டன் ஹெக்டர் டல்லாக் என்ற பொறியாளர் நகரின் வடிகால் பற்றி அறிக்கை தந்தார். ஆனால் சாக்கடைக்கு முன்னால் வந்தது தண்ணீர்தான். 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பிரிந்தது. தண்ணீர் குழாயில் வந்தால்தான் கழிவும் குழாயில் போகும். வாளித் தண்ணீரை நம்பி மாடியில் ஃப்ளஷ் கக்கூஸ் வைக்க யாருக்கும் துணிவு வராது.

கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் 1914-இல் வந்தது. அதை உருவாக்கிய மாநகராட்சிப் பொறியாளர் ஜே.டபிள்யூ. மாட்லியின் பெயர் தி.நகரில் மாட்லி சாலையாக இன்னும் இருக்கிறது. அதே ஆண்டுகளில்தான் நகரின் பாதாளச் சாக்கடையும் வந்தது. 1910-இல் வகுத்த திட்டம் 1961-ஆம் ஆண்டை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டது. 6.6 லட்சம் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர், அதாவது அன்றைய அளவில் 25 காலன். 1961 வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிய எண் 17 லட்சத்துக்கும் மேல்! ஐம்பது வருடத்துக்கு முன்கூட்டியே யோசித்தவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சென்னை அவர்களை ஏமாற்றிவிட்டது.

தெருவில் சாக்கடை வந்ததும் வீட்டுச் சுவரில் குழாய் ஏறியது. பழைய மாடி வீட்டின் பின்சுவரைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு இரும்புக் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் இறங்கும். நான்கு அங்குலக் குழாய் கக்கூஸுக்கு. அது நேராகத் தரையடித் தொட்டியான சேம்பருக்குப் போகும். அதைவிடச் சற்று ஒல்லியானது குளியலறைக்கும் சமையலறைக்கும். அது தரையில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு கல்லி டிராப்பில் விழுந்து, பிறகுதான் சேம்பரைச் சேரும். இரண்டையும் கலக்காமல் வைத்தது ஆங்கிலேயரின் பழக்கம். அவர்களுக்குச் சாக்கடை வாயு என்றால் குலை நடுக்கம். நோய் நாற்றத்தில்தான் பரவுகிறது என்று நம்பிய தலைமுறை அது. கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் கக்கூஸ் குழாயை மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோய், தலையில் குல்லாய் மாதிரி ஒரு கௌல் மாட்டி, காற்றை வானத்துக்கு விட்டார்கள். ஒவ்வொரு பேசினுக்குக் கீழும் வளைவில் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நின்று வாயுவை மறிக்கும் டிராப்பும் அந்தப் பயத்தின் குழந்தைதான். நம்பிக்கை தவறு, வேலை சரி. இன்றைய பிளாஸ்டிக் அடுக்ககத்திலும் 110 மில்லிமீட்டர், 75 மில்லிமீட்டர் என்று அதே இரட்டைக் குழாய்தான் இறங்குகிறது.

வாயு கசியக்கூடாது என்றால் மூட்டு இறுகியிருக்க வேண்டும். இரும்புக் குழாயின் கதை முழுவதும் அதன் மூட்டில்தான் இருக்கிறது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி 1664-இல் வெர்சாய் அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் விளிம்போடு விளிம்பு வைத்து போல்ட் முடுக்கியவை. கழுத்தும் வாலுமாகச் செருகும் சாக்கெட் முறையை 1785-இல் லண்டன் செல்சீ குடிநீர் நிறுவனத்தின் பொறியாளர் தாமஸ் சிம்ப்ஸன் கொண்டுவந்தார். காயலாங்கடைக்காரர் இன்று உற்றுப் பார்க்கும் கழுத்து அவருடையது.

அந்த மூட்டைப் போடுவது ஒரு தனிக் கலை. ஆறடிக் குழாயை, இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளதை, சாரத்தில் நின்றுகொண்டு தூக்கி, கீழ்க் குழாயின் கழுத்துக்குள் இறக்க வேண்டும். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு சணலைத் திரித்து வளையமாக உள்ளே விட்டு, மழுங்கிய உளியால் இடித்து இறுக்க வேண்டும். மீதி இடத்துக்கு ஈயம். அடுப்பில் இரும்புச் சட்டியில் உருகிக்கொண்டிருக்கும் ஈயத்தை நீண்ட கரண்டியில் மொண்டு, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஊற்றிய பாதி உறைந்து, அடுத்த பாதி அதோடு ஒட்டாது. நான்கு அங்குல மூட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஈயம் பிடிக்கும். குழாய் படுக்கையாக இருந்தால் இன்னொரு வித்தை. களிமண் பூசிய கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு சின்ன வாய் விட்டு, அதன் வழியே ஊற்றுவார்கள். ஈயம் குளிரும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் உறைந்த பிறகு மறுபடி உளி வைத்துச் சுற்றிலும் அடித்து, இரும்போடு இரும்பாக நெரிக்க வேண்டும். 

ஈரம்தான் எமன். ஈயம் உருகுவது 327 டிகிரியில். சாக்கெட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் வீசும். மழைக்காலத்தில் மூட்டு போடுபவர்கள் சாக்கெட்டைத் துணியால் துடைத்து, தீ காட்டி உலர்த்தி, அப்புறமும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினார்கள். காசைக் குறைக்க நினைத்த கட்டடங்களில் ஈயத்துக்குப் பதில் சிமென்ட் கலவை அடைத்தார்கள். இன்று ஒழுகும் இரும்புக் குழாய்களைக் கழற்றினால் கிடைப்பது பல நேரம் இந்தச் சிமென்ட் மூட்டுதான். ஈயம் கட்டடத்தோடு சேர்ந்து கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது.

மண்ணுக்குள் போன பகுதி இரும்பில்லை. அங்கே உப்புமெருகு போட்ட ஸ்டோன்வேர் குழாய். சுடுமண்தான், ஆனால் கண்ணாடி போல வழவழப்பு. அதற்கு அமிலமும் பயமில்லை, துருவும் இல்லை. லாரி ஏறினால் மட்டும் பயம். தமிழ்நாட்டுக் கக்கூஸ் பேசின்களுக்கு ராணிப்பேட்டை ஒரு முகவரியாக இருந்தது, பாரி கம்பெனியின் பீங்கான் தொழிற்சாலையால். காற்றை வெளியே விடும் வென்ட் குழாய்க்கும் மழைத்தண்ணீருக்கும் இரும்பு வாங்க மனம் வராதவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் குழாயை மாட்டினார்கள். அறுக்கும்போது அதன் தூசியைச் சுவாசிக்கக்கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

இரும்புக்கு ஆயுள் கெட்டி. ஆனால் சென்னையின் உப்புக் காற்று பொறுமைசாலி. வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பவரின் பிரஷ் குழாயின் முன்பக்கத்தை மட்டும்தான் தொடும். சுவரைப் பார்த்த முதுகுப் பக்கம் கட்டிய நாளிலிருந்து வெறுமேனிதான். அரிப்பு தொடங்குவதும் அங்கேதான். உள்ளேயோ, கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஈரத்தில் கலந்து கந்தக அமிலமாகிக் குழாயின் சுவரைத் தின்னும். வார்ப்பிரும்பில் விசித்திரம் என்னவென்றால், இரும்பு போன பிறகும் குழாய் அதே உருவத்தில் நிற்கும். வார்ப்பிரும்புக்குள் கரி, கிராஃபைட்டாக இழையோடியிருக்கிறது. இரும்பு கரைந்து போக, கிராஃபைட் மட்டும் எலும்புக்கூடாக மிஞ்சும். பேனாக்கத்தியால் கீறினால் வழிவிட்டுக் கொடுக்கும். விரலில் பென்சில் கரி ஒட்டும். உண்மையிலேயே அது பென்சிலில் இருக்கும் அதே பொருள்தான்.

இன்னொரு எதிரி காக்கை எச்சத்தில் வரும். மூட்டின் இடுக்கில் விழுந்த அரச விதை கசிவு நீரைக் குடித்து, இரண்டாம் மாடி உயரத்தில் இலை விட்டு ஆடும். அரசைப் பிடுங்க மனம் வராமல், அல்லது ஏணி இல்லாமல், விட்டுவிடுவார்கள். அதன் வேர் ஈயத்தையும் நகர்த்தும், சுவரையும் பிளக்கும். அரசு குடியிருப்புகளின் பின்பக்கம் நடந்தால் குழாயோடு குழாயாக வளர்ந்த இந்த மரங்களை எண்ணிக்கொண்டே போகலாம்.

இரும்பைத் தள்ளிவிட்டு வந்த பிளாஸ்டிக்குக்கும் நீண்ட வம்சாவளி உண்டு. பாலிவினைல் குளோரைடு என்ற பி.வி.சி.யை 1872-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆய்கன் பௌமான் கண்டார். கெட்டியாக, முறுக்காக இருந்த அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ செமன் அதை இளக்கி, வளையும் பொருளாக்கினார். குழாயாக்கியது 1930களின் ஜெர்மனி. உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்த நாட்டுக்கு அது கைகொடுத்தது. அதே குட்ரிச் நிறுவனத்தின் கூட்டுறவோடு கே.எஸ். நாராயணன் தொடங்கிய கெம்பிளாஸ்ட், மேட்டூரில் 1967-இல் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியது. காவிரியில் அணை கட்டி மின்சாரம் வந்த மேட்டூரில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ரசாயனத் தொழில் வேர்விட்டிருந்தது.

பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 57 பங்கு, குளோரின். குளோரின் வருவது உப்பிலிருந்து. கெம்பிளாஸ்டுக்கு வேதாரண்யத்தில் உப்பளங்கள் உண்டு, 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளப் போன அதே கடற்கரைப் பக்கம். சென்னையில் இரும்புக் குழாயைத் தின்றதும் உப்பு; அதன் இடத்தில் வந்து நிற்கும் குழாயிலும் பாதி உப்பு.

தமிழ்நாட்டில் பி.வி.சி. முதலில் கால் வைத்தது கழிப்பறையில் அல்ல, வயலில். கிணற்று மோட்டாரிலிருந்து வாய்க்காலுக்குப் போக இலேசான, துருப்பிடிக்காத குழாய் கிடைத்தது என்று விவசாயிகள் வாங்கினார்கள். தண்ணீர்க் குழாய்க்கான இந்தியத் தரக் குறியீடு 1968-இலேயே வந்துவிட்டது. வீட்டுக்குள் கக்கூஸ் குழாயாகப் போடும் பி.வி.சி.க்குத் தனித் தரம் வர 1992 ஆனது. குழாயின் மேல் எஸ்.டபிள்யூ.ஆர். என்று அச்சிட்டிருப்பது அந்த வகை. அதற்குள்ளும் இரண்டு உண்டு: மழைத்தண்ணீருக்கும் வென்ட்டுக்கும் மெல்லிய ஏ ரகம், கழிவுக்குத் தடித்த பி ரகம். கடையில் விலை கேட்டு வாங்கும் இடத்தில் இந்த ஓரெழுத்தைப் படிக்காமல் விட்டு அப்புறம் அவதிப்படுபவர்கள் நிறைய.

இரும்பின் பக்கம் அதே பத்தாண்டில் வேறொரு அடி விழுந்தது. வடக்கே கழிவுக் குழாய் வார்த்த பட்டறைகள் நிறைந்த ஊர்களில் ஆக்ராவும் ஒன்று. தாஜ்மகால் மங்குகிறது என்ற வழக்கில் 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலக்கரி எரிக்கும் 292 ஆலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் இடம்பெயர வேண்டும் என்றது. வார்ப்படப் பட்டறைகளும் அதில் அடக்கம். பிளாஸ்டிக் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்பையே மாற்றச் சொன்னால் எப்படியிருக்கும்!

அம்பத்தூரில் ஒரு பழைய வீட்டில் குழாய் மாற்றும் வேலை பெரும்பாலும் சம்மட்டியோடு தொடங்கும். “மேலேருந்துதான் சார் இறங்கி வரணும். கீழே தட்டினா மொத்தமும் தலையில வந்துடும்” என்று பிளம்பர் முதலிலேயே சொல்லிவிடுவார். வார்ப்பிரும்பு நெளியாது, உடையும். ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி, க்ளாம்ப்பை அறுத்து, மூட்டுக்கு மேல் தட்டினால் சில்லாக விழும். ஒருநாள் முழுக்க இரும்பை இறக்கிய இடத்தில், புதிய குழாயை ஏற்ற அரைநாள் போதும். மூன்று மீட்டர் பி.வி.சி. குழாய் ஐந்து கிலோ சுற்றித்தான். பையன் ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறிவிடுவான்.

அடுப்பில்லை, சட்டியில்லை, சணல் இல்லை. மூட்டுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டலாம், அல்லது கழுத்துக்குள் ரப்பர் வளையம் வைத்த குழாயைச் சோப்புத் தண்ணீர் பூசித் தள்ளலாம். இரண்டாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிளாஸ்டிக் வெயிலில் நீளும். மூன்று மீட்டர் குழாய், 20 டிகிரி சூடு கூடினால் நான்கைந்து மில்லிமீட்டர் வளரும். இரும்பு வளர்வதைப் போல ஐந்தாறு மடங்கு. அதனால் அடிவரை தள்ளி, விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பத்து மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட வேண்டும். அந்த இடைவெளிதான் சித்திரை வெயிலுக்கு விட்ட இடம். இதைச் செய்யாமல் எல்லா மூட்டையும் சொல்யூஷன் போட்டு ஒட்டிய குழாய் நாலு கோடை தாண்டினால் வில்லாக வளைந்து க்ளாம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும். ஈயம் ஊற்றும்போது கை நடுங்கக்கூடாது. இங்கே பொறுமை போகக்கூடாது.

இரும்பை இழந்தவர்கள் முதலில் கவனிப்பது சத்தத்தை. மேல்மாடியில் ஃப்ளஷ் அடித்தால் கனத்த இரும்பு அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. மெல்லிய பிளாஸ்டிக் ஊருக்கே சொல்லும். படுக்கையறைச் சுவரை ஒட்டிக் குழாய் இறங்கும் வீடுகளில் இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டாரின் நடமாட்டம் துல்லியமாகத் தெரியும். சத்தம் குறைவான குழாய் என்று தனியாக விற்கத் தொடங்கியிருப்பது இதற்காகத்தான். ஈயமும் முழுதாகப் போய்விடவில்லை. பி.வி.சி. உருகும்போது சிதையாமலிருக்க அதன் கலவையிலேயே ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. மூட்டிலிருந்து ஈயம் குழாயின் சதைக்குள் போய்விட்டது என்று சொல்லலாம். அதை விலக்குவதற்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது 2021-இல்தான்.

குழாய் எதுவானாலும் அது போய்ச் சேரும் இடம் வேறு கதை. சென்னைக் குடிநீர் வாரியம் 1978-இல் பிறந்தது. 2011-இல் 42 உள்ளாட்சிகளை இழுத்துக்கொண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது அம்பத்தூர் உள்ளே போனது, திருவேற்காடு வெளியே நின்றது. அயனம்பாக்கம் இந்த எல்லைக்கோட்டோரம். புறநகரில் குழாய் வீட்டுக்கு வந்த வேகத்தில் சாக்கடை தெருவுக்கு வரவில்லை. சுவரில் புத்தம் புதிய பி.வி.சி., அதன் கீழே செப்டிக் டேங்க், அதைக் காலி செய்ய ஒரு லாரி என்பது இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பழகிய ஏற்பாடு. டேங்க் நிறைந்து வழியும் நாளில் குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா என்று யாரும் கேட்பதில்லை. பாதுகாப்பின்றி மனிதரை டேங்குக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1993-க்குப் பிறகு இப்படி இறங்கி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் தரச் சொன்னது 2014-இல் உச்ச நீதிமன்றம். 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏற வேண்டி வந்ததே, இறங்குவது நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

குழாய் மாற்றும் வீட்டுக்குத் திரும்பினால், வேலை கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. வெளிச்சுவரில் இரும்பெல்லாம் இறங்கியாயிற்று, சாம்பல் குழாய் ஏறியாயிற்று. ஆனால் கக்கூஸ் பேசினுக்குக் கீழே, தளத்துக்குள், செங்கல் ஜல்லியில் புதைந்து ஒரு வார்ப்பிரும்பு டிராப் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் பேசினை உடைக்க வேண்டும், டைல்ஸைப் பெயர்க்க வேண்டும், தளத்தைக் கொத்த வேண்டும், கீழ்வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டும். பிளம்பர் டார்ச் அடித்துப் பார்ப்பார். சுத்தியின் பின்பக்கத்தால் தட்டுவார். “நல்லாத்தான் இருக்கு” என்பார். வீட்டுக்காரருக்கும் அந்த வார்த்தையைத்தான் கேட்க வேண்டியிருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முனையைக் கட்டிங் மெஷினால் நேராக அறுத்து, புதிய பிளாஸ்டிக் கழுத்தை அதன்மேல் ஏற்றி, சுற்றிலும் எம்-சீல் பிசைந்து அப்பிவிடுவார்கள். சிமென்ட் பூச்சு மூடிவிடும். அதற்கு ஒரு முழம் உள்ளே, ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றிய ஈய வளையல் அப்படியே இருக்கும். காயலாங்கடைக்குப் போகும் மூட்டையில் அது சேராது.